ஏழாம் மாடியில் பத்து வாரங்கள்

இன்று காலை வரவேற்பறையில் கழுத்துப் பட்டிகள் இருந்த அட்டைப்பெட்டியை நான்தான் வெட்டித் திறந்தேன். கோடைப் பயிற்சிக்கு வந்த பதினொரு பேர் சுவரோரமாக நின்றார்கள். புதுப் பட்டிகளிலிருந்து பிளாஸ்டிக்கும் சாயமும் கலந்த அந்த மணம் எழுந்ததும் என் கை கொஞ்சம் நின்றுவிட்டது. அட்டையை வாங்கிய ஒவ்வொருவரும் முதலில் தங்கள் படத்தைப் பார்த்தார்கள். பிறகு, பக்கத்தில் நிற்பவரின் அட்டையில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று கடைக்கண்ணால் பார்த்தார்கள். நீயும் நானும் சந்தித்தது இப்படித்தான். முகத்தைப் பார்க்க முதல் அட்டையைப் பார்த்தோம்.

பெரிய வங்கிகள் விழுந்தெழும்பி மூன்று வருடமாகியிருந்தது. நமக்கு இருபத்திரண்டு வயது. சூரிச்சில் ஒரு பெரிய வங்கி கோடைப் பயிற்சிக்கு எடுத்த பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் தமிழ்ப் பெண்கள். நான் அதே நகரின் ஓர்லிகோன் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். நீ மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம், லா ஷோ-து-ஃபோனில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவள். உன் பெயரைக் கண்டதும் எனக்குச் சந்தோசம் வரவில்லை என்பதை இப்போதாவது சொல்ல வேண்டும். இரண்டு தமிழரை எதற்கு எடுத்தார்கள், கடைசியில் ஒருத்தியை வைத்து மற்றவளை அனுப்பத்தானே என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்படி நினைக்க அந்த இடமும் பழக்கியது. முதல் மூன்று நாளும் வேலையே தரவில்லை. எவரையும் நம்பாமல் இருப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தார்கள். கழிப்பறைக்குப் போவதென்றாலும் திரையைப் பூட்ட வேண்டும். போகும்போது மேசையில் ஒரு துண்டுக் கடதாசிகூடக் கிடக்கக் கூடாது. அட்டையைக் காட்டினால்தான் அச்சு இயந்திரம் தாளைத் துப்பும். ஏழாம் மாடியில் நமக்குத் தந்த வேலை பெரிதாக ஒன்றுமில்லை. யாரோ கணக்கிட்ட எண்களை அட்டவணையாக்கி, எழுத்தளவைச் சரிசெய்து, யாரும் வாசிக்காத பக்கங்களாக அடுக்குவதுதான். ஆனால் யார் முதலில் வீட்டுக்குக் கிளம்புகிறார், யாரை மேலாளர் கோப்பிக்குக் கூப்பிட்டார், யாருடைய பெயரைச் சரியாக உச்சரித்தார் என்பதையெல்லாம் பன்னிரண்டு பேரும் கவனித்தோம். எத்தனை பேரை நிரந்தரமாக எடுப்பார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்று பேர் என்றார்கள் சிலர். சிலர் ஒருவர்தான் என்றார்கள்.

முதல் வாரம் நீ என்னை "நீங்கள்" என்றாய். இரண்டாம் வாரம் "நீர்". ஒரு மதியம் ஆற்றோரப் படியில் இருந்துகொண்டு, நீ ஓர்லிகோன் தமிழ்க் கடையில் வாங்கி வந்த மீன் அடைத்த பணிஸ் ரொட்டியை இரண்டாகப் பிய்த்துச் சாப்பிட்டபோது "நீ" ஆகிவிட்டோம். உன் தமிழ் என்னுடையதைவிட நல்ல தமிழ். என் ஜெர்மன் உன்னுடையதைவிட நல்ல ஜெர்மன். நீ எழுதிய மின்னஞ்சல்களை நான் திருத்தினேன். நான் செய்த அட்டவணைகளில் நீ பிழை பிடித்தாய். லிஃப்டில் நாம் தமிழில் சிரித்துக் கதைத்ததைக் கேட்ட மேலாளர், அன்று பின்னேரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லாருக்கும் விளங்குகிற மொழியில் பேசினால் நல்லது என்று மிக மென்மையாகச் சொன்னார். நான் அதை உன்னிடம் சொன்னேன். "என்னட்டையும் சொன்னவ" என்றாய் நீ. நீ ஏன் முதலில் சொல்லவில்லை என்று நான் அன்றே ஒரு மூலையில் குறித்து வைத்தேன்.

எட்டாம் வாரம், வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை என் அறிக்கையை எல்லார் முன்னாலும் காட்ட வேண்டும். பக்கங்கள் முடியவில்லை. அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து உன்னிடம் கேட்டேன், கோப்பை என் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வீட்டில் வைத்து முடிக்கலாமா என்று.

"வாடிக்கையாளர்ற்றை பேர் ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப அனுப்பு."

அனுப்பினேன். கடைசிப் பக்கத்துக்குப் பின்னால், நான் மறைத்து வைத்து மறந்துபோன ஓர் அட்டவணை இருந்தது. அதில் பெயர் இல்லை. ஆனால் நாற்பது வாடிக்கையாளர்களின் இலக்கங்கள் இருந்தன.

திங்கள் காலை பத்து மணிக்கு நாலாம் மாடிக்கு அழைத்தார்கள். சின்ன அறை, இரண்டு பேர், எனக்கு முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர். எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு அனுப்பினேன் என்பதுகூட அவர்களிடம் இருந்தது. இது வேறு யாருக்கும் தெரியுமா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அந்தக் கணத்தில் நினைத்தேன். லிஃப்டில் ஏறி ஏழாம் மாடிக்கு வருவதற்குள் நினைப்பு மாறிவிட்டது. இவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னது ஒரே ஒருத்திக்குத்தான்.

நான் வந்தபோது என் கணினியை ஒருவர் கழற்றிக்கொண்டிருந்தார். நீ எழுந்து வந்து என்ன நடந்தது என்று தமிழில் கேட்டாய். ஒன்றுமில்லை என்று ஜெர்மனில் சொன்னேன். உன் முகம் வெளிறியதைப் பார்த்தேன். பிடிபட்டவளின் முகம் என்று முடிவு செய்தேன்.

செவ்வாய் மீண்டும் அழைத்தார்கள். அந்த அறையில் இருந்த பெண் கோப்பைப் புரட்டியபடி, "உங்கள் சக பயிற்சியாளர் எங்களோடு பேசிவிட்டார்" என்றார். மேற்கொண்டு நான் எதையும் கேட்கவில்லை. எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. பத்து வாரத்தையும் முடிக்க விடுவார்கள், பயிற்சிச் சான்றிதழில் இது வராது, ஆனால் நிரந்தர வேலை இல்லை. இவ்வளவு இலகுவாக விட்டது எனக்கே அதிசயமாக இருந்தது. அதையும் சந்தேகித்தேன். உன் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்த நீ ஏதோ பேரம் பேசியிருக்கிறாய் என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நீ உன் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி என் மேசைக்கு வந்தாய். பயிற்சி முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"நான் போறன்" என்றாய்.

வாறன் என்று சொல்லவில்லை நீ. அது என் காதில் விழுந்தது. இருந்தும் நான், திருப்பித் தந்திருந்த கணினியின் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி, நீங்கள் போங்கோ" என்றேன். பிறகு உன் காலடிச் சத்தம் கேட்டது, கண்ணாடிக் கதவு மூடியது. அடுத்த மேசையில் இருந்த லூக்காஸ் என்ற பயிற்சியாளன், உன்னை ஜெனிவாக் கிளைக்கு எடுத்துவிட்டார்களாம் என்றான். அவனுக்கு யார் சொன்னார்கள் என்று அவனையும் கேட்கவில்லை. எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது.

ஐந்து வருடம் கழித்து பீல் ரயில் நிலையத்தில் உன்னைக் கண்டேன். நீதான் முதலில் கண்டு ஓடி வந்தாய். மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் கொள்வனவுப் பிரிவில் இருப்பதாகச் சொன்னாய்.

"அப்ப ஜெனிவா?" என்றேன்.

"ஜெனிவாவோ? ஆர் சொன்னது?"

நீ சிரித்தாய். எனக்கு அந்தச் சிரிப்பு பொய்யாகப் பட்டது. ஜெனிவாவிலும் நிறுத்திவிட்டார்கள், சொல்ல வெட்கப்படுகிறாள் என்று கணக்குப் போட்டேன். உன் ரயில் வந்தது. ஏறுமுன் என் கையைப் பிடித்து, கேட்க வேண்டியது ஏதும் இருக்கிறதா என்பதுபோல் முகத்தைப் பார்த்தாய். நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் பாசலில் இந்த வங்கிக்கு வந்தேன், கண்காணிப்புப் பிரிவுக்கு. ஆட்கள் விதி மீறுகிறார்களா என்று பார்ப்பதுதான் வேலை; அதற்குத் தகுதியானவள்தான் நான். முதல் கிழமையே காட்டினார்கள்: வெளியே போகும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் ஓர் இயந்திரம் படிக்கிறது. வாடிக்கையாளர் இலக்கம் போல ஏதாவது இருந்தால் அந்த நிமிடமே பிடித்துவிடும். எல்லாப் பெரிய வங்கியிலும் பல வருடமாக இருக்கிறது என்றார்கள். ஆள் யாரும் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை.

அன்று ட்ராமில் உன் கைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்தேன். எழுதினேன், அழித்தேன். ஏனென்றால் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. நீ அவர்களோடு பேசினாய்தானே? எதற்குப் பேசினாய்? அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு மேலும் நாலு வருடம் இருந்தேன். பிறகு ஒரு மாசி மாதம், கைபேசியில் ஒரு மரண அறிவித்தல் வந்தது. தலைக்குள் இரத்தக் கசிவு. உனக்கு முப்பத்திரண்டு வயது.

லா ஷோ-து-ஃபோன் தேவாலய வாசலில் பனி முழங்காலளவு குவிந்திருந்தது. பூசை முடிந்து வந்தவர்களுக்கு உன் தங்கை தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். சூரிச்சில் உன்னோடு வேலை செய்தவள் என்று சொன்னேன். அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

"அந்த மின்னஞ்சல் அனுப்பின அக்காவோ?"

ஓம் என்றேன்.

அவள் சொன்னாள்: அன்று என் கணினியைக் கழற்றுவதைக் கண்டதும் நீ நேரே நாலாம் மாடிக்குப் போனாயாம். யாரும் கூப்பிடவில்லை. "அவள் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினாள், களவான எண்ணம் இல்லை, அனுப்பச் சொன்னது நான்" என்றாயாம். விதி தெரிந்தும் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் என்று அந்த வெள்ளியோடு உன்னை நிறுத்தினார்களாம்.

"ஏன் உங்களுக்குச் சொல்லேல்லை எண்டு நான் அக்காவைக் கேட்டனான்" என்றாள் உன் தங்கை. "'சொன்னா நன்றிக்காகச் சொன்ன மாதிரி இருக்கும், அவ கேக்கட்டும், சொல்லுறன்' எண்டவ. கனகாலம் பாத்துக்கொண்டுதான் இருந்தவ."

தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"உங்கள் ரெண்டு பேருக்குள்ளையும் ஏதும் சண்டையோ அக்கா?"

"இல்லை" என்றேன்.

அது உண்மைதான். நாம் ஒருநாளும் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடிப்பதென்றால் உன் முகத்துக்கு நேரே நின்று, நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று நான் கத்தியிருக்க வேண்டும். நீ பதில் சொல்லியிருப்பாய். அரை நிமிடம் போதும். பத்து வருடம் அந்த அரை நிமிடத்தை நான் உனக்குத் தரவில்லை. இப்போது விதி மீறியதாக என் மேசைக்கு ஒரு பெயர் வந்தால், கோப்பைத் திறக்க முதல் தொலைபேசியை எடுத்து அந்த ஆளிடமே கேட்கிறேன். நேரம் வீணாகிறது என்கிறார்கள் இங்கே. கேட்டுவிட்டு, மறுமுனையில் அவர்கள் மூச்செடுத்துப் பேசத் தொடங்கும்வரை காத்திருக்கிறேன்.