எஸ்டிலுக்குப் போட்ட ஓட்டு

அக்டோபர் 21, திங்கள்

என் மனைவி டெல்ஃபியாவுக்கு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளுடைய சிறுநீரகங்கள் கைவிட்ட வேலையை அதுதான் செய்கிறது. திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு முறையும் அரைப்பகல் போய்விடும். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் இதை எழுதுகிறேன்.

நான் எழுதுகிறேன். ஹோபர்ட் ஃபியூகேட், வயது எழுபத்தாறு, சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவன், எழுதுகிறேன்! இந்த ஒரு வரியை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூலகத்தில் டாக்கெட் அம்மாதான் போன குளிர்காலத்திலிருந்து எனக்கு எழுத்து சொல்லித்தருகிறார். தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார். கண்ணில் படுவதையெல்லாம் இப்போது உரக்கப் படிக்கிறேன். மாத்திரை டப்பா, மாவு மூட்டை, லாரியின் முதுகு.

"அந்தத் தீயணைக்கிற பெட்டிய இன்னிக்கு மூணாவது தடவை படிக்கிறே, கெழவா. தீ பிடிச்சாத்தான் விடுவியா?" என்கிறாள் டெல்ஃபியா.

அக்டோபர் 25, வெள்ளி

இன்று அவளுக்குக் குளிர். இரண்டு கம்பளி.

அக்டோபர் 30, புதன்

தேர்தல் நெருங்குகிறது. இங்கே செவிலியர்கள் தணிந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள். இந்த டயாலிசிஸ் மையம் மாநில அரசு கொடுக்கும் பணத்தில் நடக்கிறது. வசந்தம் தொடங்கும்போது அந்தப் பணம் முடிகிறது. நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆளுநர் எங்கள் கட்சி. தொடர்ந்து தருவேன் என்கிறார். ஆனால் பணத்தை ஒதுக்க வேண்டியது சட்டசபை. அங்கே மற்றக் கட்சி கை ஓங்கினால், மலைக்குள் இருக்கும் சின்ன மையங்களையெல்லாம் மூடிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. மூடினால் அடுத்த மையம் மலைக்கு அந்தப் பக்கம். பனி விழுந்தால் அந்தச் சாலையில் போக முடியாது.

ஆக இந்தத் தடவை ஓட்டு இவள் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கு. அவ்வளவுதான் அரசியல்.

நவம்பர் 5, செவ்வாய்

ஓட்டுப் போட்டு வந்தேன். மெதுவாகத்தான் எழுத வேண்டும்.

எங்கள் ஊர் ஓட்டுச்சீட்டில் எல்லாவற்றுக்கும் மேலே கட்சிக்கு ஒரு வட்டம் இருக்கும். அதைக் கறுப்பாக்கினால் போதும், கீழே இருக்கும் அத்தனை பதவிக்கும் ஓட்டு அந்தக் கட்சிக்கே. சங்கத்துத் தொழிலாளிகள் எல்லோரும் அப்படித்தான். என் அப்பா, அவர் அப்பா. ஐம்பது வருஷமாக நானும் மேல் வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு நிமிர்ந்து நடந்து வந்திருக்கிறேன். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இன்றும் முதலில் மேல் வட்டம்தான். அப்புறம் நினைத்தேன், இத்தனை பெயர் இருக்கிறதே, ஒன்றையும் படிக்காமல் போவதா? விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். நீதிபதி, ஷெரீஃப், பள்ளிக்கூடக் குழு. எனக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். செருமட்டும்.

சட்டசபைக்கு வந்தேன். எங்கள் கட்சிக்காரர் பெயர். அதற்குக் கீழே,

எஸ்டில் ஸ்டிடம்.

மற்றக் கட்சிக்கு நிற்பது ஜூனியர் ஸ்டிடம் என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். ஜூனியர் ஜூனியர் என்றே கூப்பிட்டு, அவனுக்கு அப்பா பெயரைத்தான் வைத்தார்கள் என்பது எங்கோ போய்விட்டது. அந்தப் பெயரை எழுத்தில் நான் இதுவரை பார்த்ததே இல்லை. பார்த்தபோது ஜூனியர் ஞாபகம் வரவில்லை. என்னோடு சுரங்கத்தில் வெட்டிய அவன் அப்பா எஸ்டில் வந்தான். முகமெல்லாம் கரி, பல் மட்டும் வெள்ளை.

அன்றைக்குச் சுரங்கத்துக்குள் அவன் கம்பியால் கூரையைத் தட்டிப் பார்த்தான். கெட்டியான பாறை கணீரென்று சொல்லும். அன்று அது உள்ளே பொள்ளலாக, மேளம் போலச் சொன்னது. அவன் கத்தவில்லை. என் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினான். நான் விழுந்த இடத்தில் கூரை விழவில்லை. அவன் நின்ற இடத்தில் விழுந்தது.

என் கை அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருந்த வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டது. ஓரம் தாண்டாமல், சுத்தமாக.

சீட்டைப் பெட்டி விழுங்கிய பிறகு மேஜையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "சும்மாத்தான் கேக்குறேன். மேலே கட்சிக்கு ஒண்ணு, கீழே வேற ஆளுக்கு ஒண்ணு போட்டா எதும்மா செல்லும்?"

"அந்த ஒரு பதவிக்கு மட்டும் கீழே போட்டதுதான் செல்லும், ஹோபர்ட். மத்ததெல்லாம் மேல் வட்டம்."

"அப்படியா" என்றேன்.

நவம்பர் 6, புதன்

டெல்ஃபியாவின் நாற்காலிக்குப் பக்கத்தில். அவள் தூங்குகிறாள்.

நேற்று இரவு தொலைக்காட்சி முன்னால் சோள ரொட்டியும் பீன்ஸும் ஆறிப்போயின. மாநில வரைபடத்தில் ஒவ்வொரு தொகுதியாக நிறம் ஏறிக்கொண்டே வந்தது. சபையில் இரண்டு கட்சியும் ஏறக்குறைய சமமாக வந்து நின்றன. கடைசியில் நிறம் ஏறாமல் வெள்ளையாக இருந்தது எங்கள் தொகுதி மட்டும்தான்.

"பாரேன், நம்மளத்தான் பாக்குறாங்க மாநிலமே" என்றாள் டெல்ஃபியா. "இந்த மலையில ஓட்டு எண்ணத் தெரிஞ்சவன் இருக்கானான்னு பாக்குறாங்க போல."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அப்புறம் நிறம் ஏறியது. அந்தப் பக்கத்து நிறம். ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம் வித்தியாசத்தை. ஜூனியர் ஜெயித்தான். அந்த ஒரு இடத்தால் சபை மற்றக் கட்சிக்குப் போயிற்று. ஆளுநர் எங்கள் பக்கம், சபை அந்தப் பக்கம். இனி ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் எதுவும் செய்ய முடியாது, அதனால் இரண்டு பேரும் பேசித்தான் ஆக வேண்டும், மக்கள் அதைத்தான் விரும்பியிருக்கிறார்கள் என்று கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் சொன்னார்.

மக்கள் விரும்பினார்களா? எந்த மக்கள்? நானா?

டெல்ஃபியா தொலைக்காட்சியை அணைத்தாள். அப்புறம் சொன்னாள். "ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் கம்பளிய இழுப்பாங்க. நடுவுல படுத்திருக்கிறவளுக்குத்தான் குளிரும்."

நவம்பர் 9, சனி

எஸ்டிலின் கல்லறைக்குப் போனேன். எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கல்லில் இருப்பது இன்னார் பெயர் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். இன்று நானே படித்தேன். பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. இவ்வளவு நாளாக அதில் இன்னும் என்னவோ இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

படித்து முடித்ததும் முதுகுக்குப் பின்னால், "யாருடா படிக்கிறது, நம்ம ஹோபர்ட்டா?" என்று கேட்டது. திரும்பவில்லை. திரும்பினால் இல்லாமல் போய்விடுவான்.

ஓட்டைப் பற்றி அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

நவம்பர் 14, வியாழன்

ஓட்டை மறுபடி எண்ணினார்கள். மாறவில்லை.

முடிதிருத்தும் கடையில் பழைய சுரங்கத்து ஆட்கள் நாலைந்து பேர். எல்லோரும் மேல் வட்டக்காரர்கள். யார் போட்டது, ஜூனியர் எப்படி ஜெயித்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டாமா? வானிலையைப் பற்றியே பேசினார்கள். கண்ணாடியில் ஒருவர் கண் இன்னொருவர் கண்ணில் பட்டுவிடாமல் கவனமாக இருந்தார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

டெல்ஃபியாவிடம் சொல்லிவிட்டேன். இனியும் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளின் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். உன் நாற்காலிய நானே இழுத்துவிட்டுட்டேன் டெல்ஃபியா, பேரப் பாத்ததும் கை போயிடுச்சு, என்னால தடுக்க முடியல.

அவள் குழாயை மூடினாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"எனக்குத் தபால்ல வந்துச்சே சீட்டு" என்றாள். "அத நீ பாத்தியா?"

"இல்ல."

"நானும் அவனுக்குத்தான் போட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "நீயா? உனக்குத்தானேடி அந்த நாற்காலி?"

"அவன் அப்பன் அன்னிக்கு உன்னத் தள்ளிவிடலேன்னா எனக்கு ஏது புருஷன், ஏது பிள்ளைங்க? அந்தப் பேருக்கு எதிரா எப்படிக் கை வரும்? ஒரு ஓட்டுல என்ன ஆயிடப்போவுதுன்னு நெனச்சேன். ஊரு முழுக்க மேல் வட்டம்தானே." துணியில் கையைத் துடைத்தாள். "ஊரு முழுக்க என்னய மாதிரியே நெனச்சிருக்கு."

அப்போதுதான் முடிதிருத்தும் கடை விளங்கியது. எஸ்டிலின் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். உயிரோடு இருக்கிற யாரும் இந்தத் தேர்தலில் ஜெயிக்கவில்லை.

நவம்பர் 18, திங்கள்

இயந்திரம் ஓடுகிறது. அவள் கை என் கைமேல் இருக்கிறது. அதனால் இடது கையால் தாளைப் பிடிக்க முடியவில்லை. எழுத்து கோணல்.

ஜனவரி 11, சனி

ஜூனியர் வந்தான். சபை கூடிவிட்டது, வாரக் கடைசிக்கு ஊருக்கு வந்திருக்கிறான். காப்பி குடித்தான். ஐம்பது வயதுக்காரன். அவன் அப்பா செத்தபோது இருந்த வயதைவிடப் பெரியவனாகிவிட்டான். அது பார்க்க விசித்திரமாக இருக்கிறது.

"ஹோபர்ட் மாமா, டயாலிசிஸ் மையத்த நான் மூட விடமாட்டேன். எங்க கட்சி என்ன சொன்னாலும் என் ஓட்டு அதுக்குத்தான்."

"அந்த ஓட்ட ஞாபகம் வச்சுக்க" என்றாள் டெல்ஃபியா. "அதுல என்னோடதும் கொஞ்சம் கலந்திருக்கு."

அவன் சிரித்தான். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பான்.

பிப்ரவரி 26, புதன்

ஜூனியர் சொன்னபடி செய்தான். மலை மையங்களுக்குப் பணம் தரும் மசோதாவுக்கு, சொந்தக் கட்சியை விட்டுப் பிரிந்து ஓட்டுப் போட்டான். நிறைவேறிவிட்டது! செவிலியர்கள் கேக் வெட்டினார்கள். டெல்ஃபியாவுக்கு இனிப்பு ஆகாது, மேலே இருந்த கிரீமை விரலால் தொட்டு நக்கினாள்.

மார்ச் 7, வெள்ளி

அவசரப்பட்டுக் கேக் வெட்டிவிட்டோம். ஆளுநருக்கு அனுப்பும் முன் சபை மறுபடி ஓட்டெடுத்து, அந்தப் பணத்தோடு சேர்த்து ஒரு நிபந்தனையும் கோத்து அனுப்பியிருக்கிறது: ஆசிரியர் ஓய்வூதியத்தைக் குறைக்க வேண்டும். அதோடு சேர்ந்து வந்தால் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார் ஆளுநர். பிரித்து அனுப்பமாட்டோம் என்கிறது சபை. இரண்டு பக்கமும் தொலைக்காட்சியில் எங்கள் தொகுதியின் பெயரைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறார்கள்.

ஜூனியரைத் தொலைபேசியில் பிடித்தேன். "நான் தள்ளிப் பாத்தேன் மாமா. ஒரு ஆளா எவ்வளவுதான் தள்றது."

தள்ளினேன் என்றான். வேறு வார்த்தை கிடைக்கவில்லையா இவனுக்கு? தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றேன். தலைக்கு மேலே பலகைக் கூரைதான். இருந்தாலும் அண்ணாந்து பார்த்தேன்.

மார்ச் 19, புதன்

சபை கலைந்து ஊருக்குப் போய்விட்டது. மசோதா ஆளுநர் மேஜையிலேயே கிடக்கிறது.

மார்ச் 31, திங்கள்

மையத்துக் கதவில் தாள் ஒட்டியிருந்தது. செவிலிப்பெண் எங்களைப் பார்த்ததும் வெளியே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டெல்ஃபியா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இரும்மா. இவரு படிப்பாரு."

படித்தேன். இதுதான் கடைசி வாரம், அதற்குப் பிறகு நோயாளிகள் மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும், விடிவதற்கு முன்னால் அங்கே இருக்க வேண்டும், சிரமத்துக்கு வருந்துகிறோம். தேதி. மாநில முத்திரை.

"ஒரு எடத்துலயும் திக்கலையே" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

இப்போது வீட்டில். அவள் படுத்துவிட்டாள். அந்தத் தாள் அங்கே கதவிலேயேதான் இருக்கிறது, ஆனாலும் இங்கே உட்கார்ந்து அதை மனசுக்குள் வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கத் தெரியாத காலத்தில் சுவரில் எழுதியது சுவரிலேயே இருந்துவிடும். என்னோடு வீட்டுக்கு வந்ததில்லை.