பதினொன்றிலிருந்து எட்டரைக்கு

'ஏனுங்க' என்று கூப்பிட்டால் எந்த வேலையில் இருந்தாலும் திரும்பிப் பார்க்கிறவருக்கு,

கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைப் பிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊத நீங்கள் ஆசை ஆசையாக வாங்கிவந்த சூப்பர்சார்ஜர் ஒட்டடை பிடித்துக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதை நம் வெள்ளைக் காரில் பூட்டி, வால்பாறை மலையை ஒரே மூச்சில் ஏற வேண்டும் என்பீர்கள். எப்போது என்று கேட்டால், "இருக்கட்டும் அம்மணி, அப்பறம் பாத்துக்கலாம்." அந்த அப்புறம் வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

ஏன் தள்ளிப்போட்டீர்கள் என்று எனக்குத் தெரியாதா? இத்தனை வருடம் உங்களோடு ஒர்க்‌ஷாப்பில் நின்றவள் நான். பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே இருக்கும் காற்றை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதுதான் கம்ப்ரஷன். தலை மேடான பிஸ்டன்களை நீங்களே லேத்தில் கடைந்து போட்டு, அதைப் பதினொன்றுக்கு ஏற்றி வைத்திருந்தீர்கள். அதற்கு மேல் சூப்பர்சார்ஜரும் காற்றைத் திணித்தால், ஆள் நிரம்பிய கல்யாண வீட்டில் இன்னொரு பஸ் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கின கதைதான். பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கும், பிஸ்டன் நொறுங்கும். எட்டரைக்காவது இறக்காமல் பூட்ட முடியாது.

இறக்கினால், நிற்கும்போது வண்டி போடுகிற அந்த முரட்டு உறுமல் போய்விடும். என் மேல் இருப்பதைவிட உங்களுக்கு அதன் மேல்தான் ஆசை. இல்லை என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

நீங்கள் போன பிறகு அந்த ஆசை என்னையும் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து வாசலில் விட்டுவிட்டு, சமையலறைக்குள் போய் நிற்பேன். இப்போதுதான் வந்து நிறுத்தியிருக்கிறீர்கள், கை கழுவிக்கொண்டு உள்ளே வருவீர்கள் என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பைத்தியம்தான், வேறென்ன?

ஒரு ஞாயிறு எதிர்வீட்டுச் சரசு மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். "ஏனுங்க்கா, அண்ணன் வந்துட்டாருங்களா? எங்க மோட்டாரு ஓட மாட்டீங்குது. கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க்கா" என்றாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாவம், பழக்க தோஷம். ஆனால் அவளைவிட எனக்குத்தான் பயம் வந்தது. "இதோ வரச் சொல்றேன்" என்று சொல்ல நான் வாயெடுத்துவிட்டிருந்தேன்.

மறுநாளே பல்லடத்திலிருந்து உங்கள் தம்பி பிரான்சிஸை வரவழைத்து, இன்ஜினை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்ற உட்கார்ந்தேன். பிஸ்டன்களைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணி, நடுவுல ரெண்டு கேஸ்கட் தகடு வெச்சு ஹெட்டக் கொஞ்சம் தூக்கி மாட்டுனாப் போதுமுங்க. கம்ப்ரஷன் தன்னால எறங்கீரும். அண்ணன் செஞ்சத எடுத்து வெளிய போடறதுக்கு மனசு வரலீங்க."

எனக்கு மட்டும் வந்ததா? சரி என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அப்படித் தூக்கினால் பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய நெருக்கம் போய்விடும், பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து இன்ஜின் தட்டத் தொடங்கும். உங்களுக்கு அரைகுறை வேலை பிடிக்காது.

"தம்பி, அண்ணனக் காப்பாத்தறேன்னு அண்ணன் இன்ஜினக் கெடுத்துப்போடாதீங்க" என்றேன். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பிஸ்டன்களைக் கழற்றக் குனிந்தார்.

தலையில் குழி வைத்த புது பிஸ்டன்கள் வந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி, எவ்வளவு கொள்கிறது என்று ஹெட்டின் அறைகளை அளந்தேன். எப்போதும் நீங்கள் ஊற்றுவீர்கள், நான் கணக்குச் சொல்வேன். இந்த முறை ஊற்றியதும் நான், சொன்னதும் நான். எட்டரை சரியாக வந்தது. அதைச் சொல்லத் திரும்பினால் பிரான்சிஸ்தான் நின்றுகொண்டிருந்தார்.

சூப்பர்சார்ஜரையும் பூட்டி, நேற்றுக் காலை ஸ்டார்ட் செய்தோம். தம்பி சிலுவை போட்டுக்கொண்டார். வண்டி சாதுவாக ஓடியது. பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டேன், எங்காவது ஒரு ஓரத்திலாவது உங்கள் சத்தம் இருக்காதா என்று. இல்லவே இல்லை. அப்படியே நின்று அழுதேன். உங்களை அடக்கம் செய்த அன்றுகூட இப்படி அழவில்லை. அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நானே எடுத்துக்கொண்டு போனேன். ஆளில்லாத சாலையில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் சூப்பர்சார்ஜர் விசிலடித்தது, வண்டி என்னைச் சீட்டோடு சேர்த்துத் தள்ளியது. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டைப் பார்த்துத்தான் சிரித்தேன். அங்கே இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஒரு வாக்குத் தருகிறேன். மழை விட்டதும் வால்பாறைக்கு ஏறுவேன், நானே ஓட்டுவேன். வாசலில் வண்டிச் சத்தத்தை வைத்துவிட்டு அடுப்படியில் இனிக் காத்து நிற்க மாட்டேன். திரும்பி வரும்போது கதவைத் திறந்துவிட வீட்டில் ஆள் இருக்காது. சாவியை மறக்காமல் எடுத்துப் போவேன்.

என்றைக்கும் உங்கள் வீட்டுக்காரி,
ஸ்டெல்லா