பால் காய்ச்ச வருகிறவள்

குற்றாலநாதர் துணை

மேலகரம்,
சுபகிருது வருடம் ஆனி 12, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அத்தானுக்குக் குருவம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோமுவும் சின்னவனும் உங்கள் தங்கச்சி குழலுவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? கிளப்புக் கடைச் சோறு இன்னும் பதினைந்து நாள்தான், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளுங்கள். மோர் கிடைத்தால் வாங்கிக் குடியுங்கள்.

போலீஸ் லைனில் வீடு கிடைத்துவிட்டது என்ற கடிதம் சனிக்கிழமை வந்தது. பக்கத்து வீட்டு நூருன்னிசா அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். அவள் தறியை நிறுத்திவிட்டு வந்து என் வாயில் சீனியைப் போட்டாள். அப்புறம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். நீங்கள் திருச்சிக்கு மாற்றலாகிப் போய் ஒன்றரை வருஷமாகிறது. ஆம்பிளை இல்லாத வீடு என்று வாசலில் நின்று பேசுகிறவர்களின் வாயை இனியாவது மூடலாம். எனக்கும் சந்தோஷம்தான் அத்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆடி பிறந்துவிட்டால் புது வீட்டில் கால் வைக்கக் கூடாது, அதனால் ஆனி 27 புதன்கிழமை காலையில் பால் காய்ச்சிவிட வேண்டும், முந்தின நாள் கொல்லம் மெயிலில் ஏறிவிடு என்று எழுதியிருந்தீர்கள். அதன்படியே வேலையை ஆரம்பித்துவிட்டேன். பித்தளைப் பாத்திரங்களை வைக்கோல் வைத்துச் சாக்கில் கட்டியாயிற்று. தென்காசி ஸ்டேஷன் வரைக்கும் வண்டிக்காரர் சேக் மைதீன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கட்டிலையும் அவரே கழற்றித் தருவாராம்.

அம்மி வேண்டாம், ஆட்டுரல் வேண்டாம், கோழிகளை விற்றுவிடு, சுவர்க் கடிகாரத்தை மூட்டையில் கட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு வா, கறுப்புக் குடையை மறந்துவிடாதே என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். அம்மி இல்லாமல் உங்களுக்குத் துவையல் எப்படி இறங்குகிறது என்று நானும் பார்க்கத்தானே போகிறேன். அந்த இரண்டு பக்கத்தையும் மூன்று தடவை படித்துவிட்டேன். குடைக்கு ஒரு வரி இருக்கிறது. குழலு பெயர் ஒரு இடத்திலும் இல்லை. மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.

அவளைப் பற்றி எழுதுகிறேன். இந்த வருஷம் சாரல் சீக்கிரமே வந்துவிட்டது. அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. வைத்தியர் சொன்னபடி ஆனி மூன்றாம் தேதியிலிருந்து தினமும் காலையில் தலையில் எண்ணெய் வைத்து அருவிக்கு நடத்திக் கூட்டிப் போகிறேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விடாமல் தண்ணீர் தலையில் விழ வேண்டுமாம். பெண்கள் பக்கத்தில் இவளைப் போலவே மனசு கலங்கினவர்கள் இன்னும் ஏழெட்டுப் பேரைக் கூட்டி வருகிறார்கள். என் முந்தானையை அவள் இடுப்போடு சேர்த்து முடிந்துகொண்டுதான் உள்ளே போகிறேன். முதல் இரண்டு நாள் என் கையைக் கடித்தாள். இப்போது அவளாகவே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுக்கிறாள். திரும்பி வரும் வழியில் கொஞ்ச நேரம் பழைய குழலுவாகவே பேசுகிறாள். நேற்றுக் கோமுவுக்குத் தலை பின்னிவிட்டாள். கோணல் இல்லை, சிக்கல் இல்லை. கோமு அசையாமல் உட்கார்ந்திருந்தாள், நான் அடுக்களைக்குள் போய் அழுதேன்.

சாமான் கட்டுவதை அவளுக்கு என்ன சொல்லி விளக்குவது என்று தெரியவில்லை. வெள்ளையடிக்கப் போகிறோம் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை. நான் காலையில் கட்டுகிற மூட்டையை அவள் மத்தியானம் அவிழ்த்து, ஒவ்வொரு சாமானையும் எடுத்த இடத்திலேயே திரும்பக் கொண்டு வைத்துவிடுகிறாள். உப்பு மரவைகூட இம்மி பிசகவில்லை. எனக்கு வேலை இரட்டிப்பாகிவிட்டது. கோபமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான் அத்தான். குழலு எங்கே இருப்பாள்? அவள் வாழப்போன கடையத்துக்காரர்கள் அவளைக் கொண்டுவந்து வாசலில் விட்டுப் போன அன்று, பிறந்த பிள்ளையைப் பதினோராம் நாளில் பறிகொடுத்தவளுக்கு இப்படி ஆகாமல் வேறு எப்படி ஆகும் என்று என்னைச் சமாதானம் செய்தது நீங்கள்தான். அந்த வாயால் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

இப்படிக்கு, உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
குருவம்மாள்.


குற்றாலநாதர் துணை

மேலகரம்,
ஆனி 22, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்குக் குருவம்மாள் எழுதுவது. பிள்ளைகள் சுகம். சின்னவனுக்குச் சாரலில் நனைந்து சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. உங்கள் பதில் போன சனிக்கிழமையே வந்துவிட்டது. இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதியிருந்தால் மரியாதை இல்லாமல் எழுதியிருப்பேன்.

குழலுவை ஆலங்குளத்தில் சொரிமுத்து அண்ணாச்சி வீட்டில் விட்டுவிட்டு வா, பெரியப்பா மகன்தானே, அவர் சரி என்று சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். சொன்ன சொல்லைத் தட்ட வேண்டாம் என்று திங்கட்கிழமை அவளை நூருன்னிசா அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன். அண்ணாச்சியும் ரெங்கம்மாள் மதினியும் முகம் கோணாமல் சோறு போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சாப்பிட்ட பிறகு, குழலுவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம் வா என்று மதினி கூட்டிப் போய்க் காட்டினாள். வீட்டுக்குப் பின்னால் மாட்டுத் தொழு. மாட்டை வேறு பக்கம் மாற்றிவிட்டுச் சாணம் போட்டு மெழுகி வைத்திருக்கிறார்கள். பாயும் தலையணையும் புதுசு. மூலையில் ஒரு கயிறு இருந்தது. அதுவும் புதுசு. இது எதற்கு மதினி என்று கேட்டேன். “நாங்க வயக்காட்டுக்குப் போயிருக்கையில மட்டும்தான் கட்டுவோம், ஓடிப் போயிறக் கூடாதுல்லா” என்று சொன்னாள். அவள் மனசறிந்து கெட்டதாகச் சொல்லவில்லை. கன்றுக்குட்டி கிணற்றில் விழுந்துவிடக் கூடாது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நான் முகம் கழுவ வேண்டும் என்று தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? உங்களிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். போன கார்த்திகையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தென்காசிக்குத் துணியெடுக்கப் போனபோது அவளை உள்ளே விட்டு வெளியில் நாதாங்கியைப் போட்டுவிட்டுப் போனேன். பிள்ளைகளோடு ஒரு நாள் நிம்மதியாகக் கடைவீதியில் நடக்க வேண்டும் என்று இருந்தது. திரும்பி வந்து திறந்தால் கதவு முழுக்க ரத்தம். கையால் அடித்து அடித்து நகமெல்லாம் பெயர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வையவில்லை. “மதினி, நீங்க வெளியில மாட்டிக்கிட்டியளோன்னு பயந்துட்டேன்” என்று சொன்னாள். அன்றைக்கே சேக் மைதீனைக் கூப்பிட்டு நாதாங்கியைக் கழற்றிவிட்டேன். கதவைச் சாத்தாமல்கூட மூன்று நாள் படுத்தேன்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்ததைத்தான் எனக்கு விழுங்க முடியவில்லை. வீட்டுக்கு மனுப் போடும்போது குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்று எழுதினேன், கூடப்பிறந்தவர் யாரும் இல்லை என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன், லைனில் எல்லோரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன், இனி மாற்றினால் பொய்யன் என்று ஆகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். உயிரோடு அருவியில் குளித்துக்கொண்டிருக்கிறவளை ஒரு வரியில் இல்லாமல் செய்துவிட்டீர்களே அத்தான்.

உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தென்காசித் தேரோட்டத்தன்று உடுப்போடு காவலுக்கு நின்றீர்கள். இன்ஸ்பெக்டரும் ஊர்ப் பெரிய மனுஷர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவள் சேலை அவிழ்ந்தது தெரியாமல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து உங்கள் காலைக் கட்டிக்கொண்டாள். அன்று இரண்டு பேர் சிரித்தார்கள். நீங்கள் உங்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவளைச் சேலையோடு வாரி எடுத்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தீர்கள். ஒரு வார்த்தை அவளை வையவில்லை. மறு மாசம் மாற்றல் கேட்டு எழுதினீர்கள். நீங்களாகக் கேட்டதுதான் என்று எனக்கு அப்போதே தெரியும். அதை நான் இதுவரைக்கும் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன்.

திங்கட்கிழமை ஆலங்குளத்திலிருந்து திரும்பி வந்து பித்தளைச் சாக்கைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன். குழலு பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மதினி, என்னைய எந்தச் சாக்குல வச்சுக் கட்டப் போறிய?” என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டால் அதற்குத் தக்கபடி தயாராகிவிடலாம் என்கிற மாதிரி கேட்டாள். நான் கட்டிய முடிச்சை விட்டுவிட்டேன். நீ சாக்கில் வர வேண்டாம், ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வருவாய் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் நான் ஒரு வாக்குக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அவள் ஒரு மூட்டையையும் அவிழ்க்கவில்லை. கடிகாரத்தைத் தன் சேலை ஒன்றில் சுற்றி வைத்துக்கொண்டு, மடியில் வைத்து வருவது தன் பொறுப்பு என்று சின்னவனிடம் சண்டை போடுகிறாள்.

வைத்தியரிடமும் போய்க் கேட்டேன். பாதியில் நிறுத்தினால் எப்படி என்று உதட்டைப் பிதுக்கினார். செவ்வாய்க்கிழமையோடு சரியாக இருபத்துநாலு நாள் ஆகிறது. ஆடியும் காத்திருக்காது, லைன் வீடும் காத்திருக்காது. மீதி இருபத்துநாலு நாளுக்குக் காவேரியில் முக்கி எடுப்பேன். அது தலையில் விழுகிற தண்ணீர் இல்லைதான், எனக்குத் தெரியும். வேறு வழி தெரியாமல்தான் எழுதுகிறேன்.

உங்களைப் பொய்யன் ஆக்கவும் எனக்கு மனசில்லை. அதனால் ஒன்று செய்யுங்கள். அவளை என் கூடப்பிறந்த தங்கச்சி என்று லைனில் சொல்லிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்ததும் அப்படியே இருக்கும், உங்கள் மரியாதையும் அப்படியே இருக்கும். அவள் சத்தம் போட்டால் யாரும் உங்களைச் சொல்ல வேண்டாம், குருவம்மாள் வீட்டுக் கிறுக்கு என்று என்னைச் சொல்லட்டும். ஆனால் அது கதவுக்கு வெளியேதான். நம் வழக்கப்படி புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டியது வீட்டுக்காரரின் கூடப்பிறந்தவள். நம் கல்யாணத்தில் முதல் முடிச்சு நீங்கள் போட்டீர்கள், மற்ற இரண்டையும் போட்டது அவள் கைதான். அந்தக் கைதான் பானையை அடுப்பில் ஏற்றும். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வேன், பயப்படாதீர்கள்.

அம்மியை நூருன்னிசா அக்காவிடம் கொடுத்துவிட்டேன். கோழிகளை விற்றாயிற்று. குடையை எடுத்துக்கொண்டேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரத் திங்கட்கிழமை ஆகிவிடும். பதில் எழுத உங்களுக்கு நேரம் இருக்காது. அதைக் கணக்குப் பண்ணித்தான் இன்றைக்குத் தபாலில் போடுகிறாள் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை திருச்சி ஸ்டேஷனில் நாங்கள் நாலு பேர் இறங்குவோம். வேலையிலிருந்து நேரே வருகிறவர் உடுப்போடுதான் நிற்பீர்கள். கூட வேலை பார்க்கிறவர்களும் சாமான் இறக்க வந்திருப்பார்கள். அவளுக்கு நான் எவ்வளவு சொல்லிக் கூட்டி வந்தாலும், உங்களைக் கண்டதும் அண்ணே என்று கூப்பிட்டுவிடுவாள். நாலு நாளாக அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்போது உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், யாரென்று தெரியாத மாதிரி திரும்பிவிடாதீர்கள். வாம்மா என்று ஒரு சொல் சொல்லுங்கள் அத்தான். அது போதும்.

குருவம்மாள்.