கால்தானே நொண்டி, மூஞ்சி ஏன் நொண்டணும்?

என் அருமை நொண்டிப் பயலே, காதரே,

இப்படிக் கூப்பிட்டதற்கு இதைப் படிக்கிறவர்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். நாற்பது வருஷம் நீ என்னைக் ‘கொக்கு’ என்று கூப்பிட்டபோது ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போது மாற்றுத்திறனாளி என்றுதான் சொல்ல வேண்டுமாம். அந்தப் பேர் போட்ட அட்டை உனக்குக் கிடைத்த அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? “பேரு சோக்காத்தான் கீதுடா. ஆனா அட்டை குடுக்குற ஆபீசு மாடியில கீதே.”

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆம்பூர் அப்படியேதான் இருக்கிறது. ஷிப்டு விட்டால் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது, நானும் கைத்தடி வைத்துக்கொண்டேன். சிரிக்காதே, சொல்ல வந்தது அதில்லை.

இந்தப் பொங்கலுக்கு நம் நாடக மன்றத்தில் உன்னைப் பற்றி நாடகம் போடுகிறார்கள். செல்வம் எழுதினான், அவனேதான் காதராக நடிக்கிறான். நம் ஷூ கம்பெனியில் பினிஷிங் சூப்பர்வைசராக இருக்கிறானே, அவன்தான். உன்மேல் ரொம்ப மரியாதை உள்ளவன். தொந்தரவே அதுதான்.

நம் மன்ற நாடகம் உனக்கு ஞாபகம் இருக்கும். எந்தக் கதையை எடுத்தாலும் அதில் ஒரு நொண்டி வருவான். ஒன்று, குடும்பத்தைக் கெடுக்க வந்த சூழ்ச்சிக்காரன். இல்லையென்றால் கதாநாயகிக்குத் தம்பி, பாதி நாடகத்தில் செத்துப்போவான். அந்த வேஷமெல்லாம் எனக்குத்தான். “காதர்கூடவே சுத்துறவன், நொண்டறது இவனுக்கு நல்லா வரும்” என்று கொடுத்துவிட்டார்கள். நீ படுதாவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பாய். நிஜ நொண்டி உள்ளே, இரண்டு காலும் நல்லா இருக்கிறவன் வெளியே நொண்டிக்கொண்டு. அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. எனக்கும்தான் படவில்லை.

நான் மேடையில் ஒரு சுற்று வந்தால் பொம்பளைங்க மூக்கைச் சிந்துவார்கள். நீ மட்டும் படுதாவுக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்பாய். “டேய் கொக்கு, கால்தானேடா நொண்டி? மூஞ்சி ஏன்டா நொண்டுது?”

டீக்கடையில் ஒருநாள் சினிமா, நாடகம், பள்ளிக்கூடத்துப் பாடக் கதை எல்லாவற்றையும் சேர்த்து விரல்விட்டு எண்ணினாய். “திருடன் ஒருத்தன், பைத்தியம் ஒருத்தன், சாமியாரு ஒருத்தன், அழுது சாவுறவன் அஞ்சு பேரு. ஒருத்தனாவது ஷிப்டுக்குப் போறானாடா? நொண்டிக்குப் பசிக்காதா?” நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

அதற்கு அடுத்த பொங்கலில் புதுக்கதை. கடைசிக் காட்சியில் நொண்டிக்குக் கால் வந்துவிடும், கைத்தடியை வீசிவிட்டு நடப்பான். பார்க்க நிஜமாக இருக்கட்டும் என்று உன் கைத்தடியையே வாங்கிக்கொண்டேன். நீயும் கொடுத்தாய். அதைத் தூக்கி ஜனங்கள் பக்கம் வீசினேன் பார், அப்படி ஒரு விசில், அப்படி ஒரு கைதட்டல். எனக்கு மாலை போட்டுத் தெருவைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மாலையோடு திரும்பி வந்தால் நீ அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். படுதாவைக்கூட அவிழ்த்துவிட்டார்கள். கைத்தடியை எவனோ எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

“நீ நடந்துட்ட,” என்றாய். “நான் எப்படிடா ஊட்டுக்குப் போறது?”

சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். மறுநாள் வேப்பங்கிளை ஒன்றை ஊன்றிக்கொண்டு வேலைக்கு வந்தாய். அதற்கப்புறம் நீ வசனம் எடுத்துக் கொடுக்க வரவில்லை, நான் நொண்டவில்லை.

இப்போது செல்வத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை. சத்துவாச்சாரியிலிருந்து உன் மகள் ஷகிலா வந்திருந்தாள். மேடையில் வைக்க உன் ஷூவைக் கொடுத்திருக்கிறாள். படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: காதருக்கு இடது கால் எட்டாம் நம்பர், சூம்பிய வலது கால் ஐந்தாம் நம்பர். ரிஜெக்டில் விழுகிற ஒற்றை ஷூக்களில் கேட்டு வாங்கி, தனக்கு ஜோடி சேர்த்துக்கொள்வான். கம்பெனியில் அவன் வேலையே இடதுக்கும் வலதுக்கும் கலர், அளவு பார்த்து ஜோடி சேர்ப்பதுதான். ஊருக்கெல்லாம் ஒரே அளவாகச் சேர்த்தவன், தனக்கு மட்டும் அவன் அளவுக்குச் சேர்த்தான்.

மேசைமேல் பார்க்கிறேன், இரண்டும் எட்டாம் நம்பர். பளபளவென்று பாலிஷ் வேறு.

“இன்னாடா இது?” என்றேன்.

“மாறி வந்துடுச்சு பெரிப்பா. ஒண்ணு எட்டு, ஒண்ணு அஞ்சு. பார்த்ததும் கை சும்மா இருக்கல. ஸ்டோர்ல சொல்லி அதே கலர்ல எட்டு எடுத்துக் கரெக்ட் பண்ணிட்டேன்.”

இந்த ஊர்க்காரன் எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். ஜோடி தப்பி ஒரு ஷூ கண்ணில் பட்டால் நமக்குச் சோறு இறங்காது. அவனைத் திட்டி என்ன பண்ண? ஷகிலா மட்டும் அந்தப் புது ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒத்திகை. செல்வம் நொண்டினான், மூஞ்சியும் சேர்ந்து நொண்டியது. நான் சொல்லிக் கொடுத்த வித்தைதானே, எங்கே போகும்? கடைசியில் கைத்தடியைத் தூக்கிப்போட்டுவிட்டு நடந்தான். ஷகிலா எழுந்தாள்.

“எங்கப்பா ஒருநாளும் அப்படி நடக்கல, செல்வண்ணா. நடக்கணும்னு அழுதும் நான் பார்த்ததில்ல. இது வேற யாரோ. எங்கப்பா பேரை எடுத்துடுங்க.”

“மரியாதைக்குத்தான்மா பண்றோம். கால் வந்தாத்தானே ஜனங்க கை தட்டுவாங்க?”

“எனக்குத் தட்டினாங்கடா,” என்றேன். அந்தச் சைக்கிள் கதையை அப்போதுதான் முதல்முதலாக வாயைத் திறந்து சொன்னேன். மாலையையும் மறைக்கவில்லை.

செல்வம் தலையைச் சொறிந்தான்.

“அப்போ கடைசி சீன்ல இன்னாதான் பண்றது பெரிப்பா?”

“ஷிப்டுக்குப் போகட்டும். ஜோடி சேர்க்கட்டும். மட்டமா தச்சவனைக் காது கூசுறாப்ல திட்டட்டும்.”

“அதுல கதை இன்னா கீது?”

“நாப்பது வருஷம் கீது.”

ஷகிலா சிரித்துவிட்டாள். உன் சிரிப்பு அப்படியே. மாற்றி எழுதுகிறேன் என்று செல்வம் ஒப்புக்கொண்டான். முழு மனசாக இல்லை, கைதட்டல் போய்விடும் என்று முகம் வாடிக் கிடக்கிறது. பொங்கலன்றைக்கு மேடை ஏறியதும் என்ன செய்வானோ?

செல்வம் கழித்துப் போட்ட ஐந்தாம் நம்பரை ரிஜெக்ட் மூட்டையில் கைவிட்டுத் தேடி எடுத்துவிட்டேன். என்னிடம்தான் இருக்கிறது. பாலிஷ் போடவில்லை, குதிகால் தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கட்டும்.

இன்னொன்று. ஒத்திகை முடிந்து வந்து நிலைக்கண்ணாடி முன்னால் கைத்தடியோடு நடந்து பார்த்தேன். கால் நொண்டுகிறது. மூஞ்சி பாட்டுக்கு மூஞ்சியாக இருக்கிறது. நீ சொன்னது சரிதான், சொல்லிவிட்டேன், போதுமா?

பொங்கலன்றைக்கு உன் எட்டாம் நம்பருக்குப் பக்கத்தில் அந்த ஐந்தை நானே கொண்டுபோய் வைப்பேன். படுதாவுக்குப் பின்னால் உன் இடத்தில் நாற்காலி போட்டு, வசனம் எடுத்துக் கொடுக்க நான்தான் உட்காரப்போகிறேன். செல்வத்துக்குக் கொடுக்கப்போவது என் கைத்தடி. கைதட்டலுக்கு ஆசைப்பட்டு அவன் அதை வீசினால் நாடகம் அங்கேயே நிற்கும். கைத்தடி திரும்பி வரும்வரை அடுத்த வார்த்தை என் வாயிலிருந்து வராது. இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

நானும் வீட்டுக்குப் போக வேண்டுமே.

இப்படிக்கு,
அன்றைக்கு நடந்து போய்விட்ட உன் தோஸ்த்,
கொக்கு எத்திராஜ்