வசந்தா அக்கா பாலிஷ் போட்ட செம்புக் குழாய்

என் வசந்தா அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. ஜீவனஹள்ளி வீட்டில் உன் துணிகளை அம்மா இன்னும் தொடவில்லை. அதைச் சொல்ல இதை எழுதவில்லை. பீன்யா பட்டறையில் நீ கடைசியாகப் பாலிஷ் போட்ட செம்புக் குழாயைப் பற்றிச் சொல்லவேண்டும்.

"இது எதுக்குடி?" என்று அன்று கேட்டாய். "ரேடாருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். இப்போது முழுதாகச் சொல்கிறேன். மைக்ரோவேவ் அலையை அந்தக் குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்போம். பிறகு சுவிட்சைத் திறந்தால், சேர்ந்ததெல்லாம் ஒரே கணத்தில், பல மடங்கு பலத்தோடு வெளியே பாயும். அந்தத் துடிப்பு எவ்வளவு குறுகியதோ, அவ்வளவு நெருங்கி நிற்கும் இரண்டு பொருள்களையும் ரேடார் தனித்தனியாகக் காட்டும்.

போன மாதம் சோதித்தோம். பலம் கூடவே இல்லை.

"உள்ள பாலிஷ் சரியில்லம்மா," என்றார் எங்கள் மேனேஜர். "சொரசொரப்பா இருந்தா அலை சூடாகியே வீணாப்போகும். ஸ்கிராப்ல போட்டுடலாம்."

அந்தப் பாலிஷ் போட்டது நீ என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கீமோவில் மரத்துப்போன விரல்களோடு நீ வேலைக்குப் போனதும் தெரியும். வீட்டில் டம்ளர் உன் கையில் நிற்காது. அதனால் எனக்கும் ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது அக்கா. மன்னிப்பாயா?

"ரெண்டு நாள் குடுங்க சார், அளந்து பாத்துடறேன்," என்றேன்.

குழாயைப் பிரித்தேன். உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது. ஒவ்வோர் அளவும் என் வரைபடத்தோடு அப்படியே பொருந்தியது. பிறகுதான் என் கணக்கைத் திரும்பப் போட்டேன். சுவிட்ச் உட்காரும் பக்கக் கிளையின் நீளத்தை மூன்று மில்லிமீட்டர் குறைத்து வரைந்திருந்தேன். சேரும்போதே அலை அந்த வழியாகக் கசிந்திருக்கிறது.

மீட்டிங்கில் எழுந்து நின்றேன். "தப்பு என்னோடது சார். கிளைய மட்டும் மாத்துனா போதும். அந்தப் பாலிஷ் எங்கக்கா போட்டது. அதுல குறையே இல்ல."

மேனேஜர் என் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். "சரிம்மா, மாத்திப் பண்ணு" என்றார்.

கிளையை மாற்றி, நேற்று மறுபடி சோதித்தோம். பலம் பல மடங்கு கூடி, திரையில் கோடு ஊசி போல எழுந்தது. அந்தக் கையோடு எப்படியக்கா அவ்வளவு வழவழப்பாகத் தேய்த்தாய்?

வேலை இன்னும் முடியவில்லை. சுவிட்ச் சில தடவை தாமதமாகத் திறக்கிறது. அதையும் சரிசெய்யாமல் விடமாட்டேன். இனி மூன்று முறை கணக்குப் போடாமல் எந்த வரைபடத்தையும் பட்டறைக்கு அனுப்பமாட்டேன். என் தப்புக்கு இன்னொருத்தி கை பழி சுமக்காது. இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி