சேராத நாலு சேதிகள்

மதினி,

அன்றைக்குக் கூடலூரில் உங்கள் வீட்டு முன்னறையில் நாலு பேர் இருந்தோம். நீங்கள், நான், காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த அண்ணன், அண்ணன் தட்டிலிருந்து இட்லியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்த என் பேத்தி மகா. போனுக்கு அந்தப் பக்கம் பூக்காரி செல்லத்தாய். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாக இரண்டு மூன்று பேர் பிற்பாடு சொல்லித் திரிகிறார்கள். பொய். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதுவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இன்று காலை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு எடுத்தேன். உங்கள் குரல். "மேல மண்ணு இறங்குது. ஜீப்பு ஏற வேணாம். கேட்டுட்டா ஒண்ண அமுக்குங்க." நீங்கள் போய் ஒரு வருசம் ஆகப் போகிறது. ஆனாலும் மழை பிடித்தால் நீங்கள்தான் பேசுகிறீர்கள். ஒன்றை அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் ஈஸ்வரி மலையடிவாரத்திலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, நின்னுட்டோம். மேல போகல." அவ்வளவுதான் சொன்னாள். நான் மீனை அப்படியே போட்டுவிட்டு வாசப்படியில் உட்கார்ந்து மூச்சு விட்டேன். அந்த மூச்சோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன். மூணாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களோடு பதினொரு வருசம் நான் பேசவில்லை. எங்கம்மா இறந்த மறுநாள், வீடு நிறையச் சனம் இருக்க, நீங்கள் மூலையில் உட்கார்ந்து மடியில் கம்ப்யூட்டரை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். போடிக் கடைவீதியில் பிறந்த வேதக்காரப் பெண், மெட்ராஸில் வேலை, எங்கள் அண்ணனைத் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவள் என்று ஏற்கெனவே எனக்கு எரிச்சல். அன்றோடு முடித்துக்கொண்டேன். ஈஸ்வரி கல்யாணத்தில் நீங்கள் கொண்டுவந்த சேலையை நான் கையில் வாங்கவில்லை, அங்கன வைங்க என்று தரையைக் காட்டினேன். நீங்கள் வைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் போனீர்கள். அதுவும் எனக்குக் கோபம்.

வேலை முடிந்து நீங்கள் ஊரோடு வந்தபிறகு, அண்ணன் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அவரைப் பார்க்கத்தான் வந்தேன், உங்களைப் பார்க்க அல்ல. வந்தவள் தினமும் வர ஆரம்பித்தேன், ஒன்றிரண்டு வார்த்தை பேசவும் ஆரம்பித்தேன். ஈஸ்வரி விடிகாலையில் ஜீப்பேறி மலைக்கு மேலே கேரளத்துப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போய்விடுவாள். மகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

அப்போதுதான் அந்த எஸ்டேட்காரர்கள் உங்களிடம் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். மலையில் எட்டு இடத்தில் மழை அளக்கும் கருவியும், மண் நகர்ந்தால் சொல்லும் கருவியும் நட்டிருந்தார்கள். அவை சொல்வதெல்லாம் வெறும் எண். அந்த எண்ணை ஆபத்தா இல்லையா என்று பார்த்து, எஸ்டேட் ஆபீசுக்கு மலையாளத்திலும் ஜீப் டிரைவர்களுக்குத் தமிழிலும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மெட்ராஸில் முப்பது வருசம் நீங்கள் பார்த்ததும் அதே வேலைதானாம். ஒரு கம்ப்யூட்டர் சொல்வதை இன்னொரு கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி, வழியில் தொலையாமல் கொடுப்பது.

எனக்குப் புரியாது என்று நினைத்து நீங்கள் சொல்லாமல் இருக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"க்யூன்னா வேற ஒண்ணுமில்ல பேச்சி, ரேசன் கடை வரிசைதான். முதல்ல வந்த சேதி முதல்ல போகும்."

"எங்க கடையில தலைவர் சம்சாரம் வந்தா அவுகதான் முதல்ல போவாக," என்றேன்.

நீங்கள் சிரித்த சிரிப்பில் மகா விழித்துக்கொண்டாள். அதற்கும் வழி இருக்கிறது, மண் சரிகிற சேதிக்குத் தலைவர் சம்சாரம் அந்தஸ்து கொடுத்திருக்கிறேன், வரிசையைத் தாண்டிப் போய்விடும் என்றீர்கள். வரிசைக்கு நடுவே நோடு என்று ஒன்றை உட்கார வைத்திருந்தீர்கள். அந்தப் பக்கம் வருவதை வாங்கி, பாஷை மாற்றி, யார் யாருக்கு என்று பிரித்து அனுப்புவது அது. குமுளி செக்போஸ்ட்டில் இரண்டு பாஷையும் பேசிக்கொண்டு நடுவில் நிற்கும் ஆள் மாதிரி என்று நான் வைத்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் அடிக்கடி சொல்வீர்கள். "சேதிய அனுப்பினதோட நம்ம வேலை முடியல. வாங்கினவன் வாங்கிட்டேன்னு சொல்லணும்." அதற்காகத்தான் அந்த ஒன்றை அமுக்குவது. டிரைவர்களில் வாசிக்கத் தெரியாதவர்கள் உண்டு என்பதால் சேதி போன் அழைப்பாகவே போகும். டிரைவர் ஒன்றை அமுக்காவிட்டால் மறுபடி அடிக்கும். மூன்று தரம், நிமிசத்துக்கு ஒரு தரம். மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் அந்தச் சேதி வரிசையை விட்டு விலகிச் சேராத சேதிப் பெட்டிக்குப் போய்விடும். முன்னால் நிற்கிறவன் நகரவில்லை என்றால் பின்னால் நிற்கும் அத்தனை பேருக்கும் தாமதம், அதனால் அவனை ஓரமாக நிறுத்த வேண்டும் என்றீர்கள்.

நிமிசத்துக்கு ஒரு தரம் போதுமா என்று எஸ்டேட் மேனேஜரிடம் நீங்கள் கேட்டது என் காதுபட. போனைச் சத்தமாக வைத்திருந்தீர்கள்.

"டிரைவருக கையில எந்நேரமும் போன்தான் மேடம். ஒரு நிமிசம் தாராளம்."

"அவுககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுருங்க சார். காலையில என்ன செய்றாக, எங்கன நிக்கிறாகன்னு."

"கேட்டாச்சு மேடம், கேட்டாச்சு."

கேட்கவில்லை, மதினி. ஒரு டிரைவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருத்தனாவது சொல்லியிருப்பான், மலை ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்துக் கருப்பசாமியிடம் எல்லா ஜீப்பும் நிற்கும் என்று. பல வருசத்துக்கு முன்னால் சூடம் காட்டும்போது ஒரு டிரைவரின் போன் அடித்து, அதே காலையில் அவன் ஜீப்புக்குப் பிரேக் பிடிக்காமல் போனதிலிருந்து, செருப்பையும் போனையும் வண்டியிலேயே விட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். டிரைவரும் அப்படித்தான், காய் எடுக்கப் போகும் பெண்களும் அப்படித்தான். குறைந்தது கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரம் அவர்களை யாரும் பிடிக்க முடியாது.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர், அந்த ஜீப்பில் ஒருநாளும் ஏறாதவர். உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். பதினாலு வருசம் அந்த ஜீப்பில் போனவள். அந்த மேனேஜர் பேசும்போது பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லையே, கேட்டால் சொல்லலாம் என்று கீரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு வருசப் பழக்கம் வாயைப் பிடித்துக்கொண்டது.

முதலில் சொன்னேனே, அந்த நாள் ஆடி வெள்ளி. விடியுமுன் பிடித்த மழை விடவில்லை. ஆறரை மணி இருக்கும். காப்பி டம்ளரோடு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தீர்கள். டம்ளரை வைக்க இடம் தேடிய கை அப்படியே நின்றது. சேராத பெட்டியில் ஆழம் நாலு என்றீர்கள். எத்தனை சேதி கிடக்கிறதோ அதைத்தான் ஆழம் என்பீர்கள். எஸ்டேட்டுக்குப் போகும் ரோட்டில் மண் சரிந்திருக்கிறது, நாலு ஜீப்புக்கும் சொல்லியாயிற்று, நாலும் ஒன்றை அமுக்கவில்லை. நாலில் ஒன்று ராசாங்கத்தின் ஜீப். ஈஸ்வரி போவது அதில்.

நீங்களே ஒவ்வொரு நம்பராக அடித்தீர்கள். அடித்து அடித்து ஓய்ந்தது. அண்ணன் எழுந்திருக்கப் பார்த்துக் கட்டிலோடு சாய்ந்தார். எஸ்டேட் ஆபீசில் எடுத்தவன், மேனேஜர் இன்னும் வரவில்லை என்றான்.

"ஏன் பேச்சி எடுக்க மாட்டேங்குறாக? நாலு பேருமா?"

அப்போதுதான் வாயைத் திறந்தேன். "கருப்பன்கிட்ட நிப்பாக மதினி. போனு வண்டிக்குள்ள கிடக்கும். இன்னிக்கு வெள்ளி வேற."

பதினொரு வருசத்துக்குப் பிறகு உங்களை மதினி என்று கூப்பிட்டது அதுதான். இரண்டு பேருமே அதைக் கவனிக்க நேரமில்லை.

கோயில் வாசலில் யாராவது இருப்பார்களா என்றீர்கள். இருப்பாள். செல்லத்தாய். ஈஸ்வரி கல்யாணத்துக்கு வாடின கதம்பத்தைக் கொடுத்து என்னைச் சபையில் தலைகுனிய வைத்தவள். அவளோடு பேச்சை நிறுத்தி ஆறு வருசம். ஆனால் கோபக்காரர்களின் நம்பர் எனக்கு மறப்பதில்லை. பத்து எண்ணையும் மூச்சு விடாமல் சொன்னேன், நீங்கள் அடித்து என் காதில் கொடுத்தீர்கள்.

"நான் பேச்சி."

அந்தப் பக்கமிருந்து, "ஆத்தா, வாடின பூவு ஞாபகம் வந்துருச்சாக்கும்?"

"செல்லத்தாயி, மேல மண்ணு சரிஞ்சிருக்கு. ஜீப்பு எதையும் விடாத."

"மூணு நிக்குது. ராசாங்கம் கிளம்பிட்டானே."

அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. ஓடும் சத்தம் கேட்டது. கத்தினாளாம், மழையில் அவன் காதில் விழவில்லையாம். கூடையோடு சாமி மாலைகளைத் தூக்கி ரோட்டில், ஜீப்புக்கு முன்னால் வீசிவிட்டாள். ஆளைக் கண்டு நிறுத்தாதவனும் கருப்பசாமி மாலை மேல் சக்கரம் ஏற்ற மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பிரேக் சத்தம் எனக்கே கேட்டது. ராசாங்கம் இறங்கி வந்து திட்டியதும் கேட்டது. அத்தனை அசிங்கமான வார்த்தைகளை அவ்வளவு நிம்மதியாக நான் கேட்டதே இல்லை.

ஈஸ்வரி போனை வாங்கி, "என்னம்மா?" என்றாள். நான் போனை உங்களிடம் நீட்டினேன். நீங்கள்தான் பேசினீர்கள்.

அந்த ஜீப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் சரிந்த இடத்துக்கு முன்னாலேயே நிறுத்தியும் இருப்பான். ஆனால் மத்தியானத்துக்குள் அதே வளைவில் இன்னொரு தரம் இறங்கியது. நாலு நாள் ரோடு திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் உங்களிடம் சொன்னேன், கருப்பசாமி விசயம் எனக்கு முதலிலேயே தெரியும், கீரை ஆய்ந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று. அடிப்பீர்கள் என்றுகூட நினைத்தேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பேன். இப்பச் சொல்லிட்ட, இப்ப மாத்துறேன்," என்றீர்கள். நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன். துக்கத்தில் அழுதது இல்லை, ஒரு பாரம் இறங்கியதற்கு அழுதேன்.

மூன்று தரம் என்பதை எடுத்துவிட்டீர்கள். ஆபத்துச் சேதிக்குத் தனி வரிசை. ஒன்றை அமுக்கும்வரை அடிக்கும். ஐந்து நிமிசம் பதில் இல்லை என்றால் அதே சேதி செல்லத்தாய்க்கும் எனக்கும் வரும். சேராத பெட்டியில் ஒன்று விழுந்தாலும் உங்கள் போன் அலறும். அது வரைக்கும் சேதி சொன்னது மிசினின் குரல், டிவியில் செய்தி வாசிக்கிற தமிழ். அதைக் கேட்டு எந்த டிரைவர் நிற்பான் என்றேன். நீங்களே பேசிப் பதிந்தீர்கள். மூன்று நாள் என்னை எதிரே உட்கார வைத்து, "இப்பிடிச் சொன்னா நிப்பாகளா?" என்று கேட்டுக் கேட்டுப் பதிந்தீர்கள். கேட்டீர்கள், மதினி. அதுதான் வித்தியாசம்.

எஸ்டேட்டில் கூட்டம் போட்டு விசாரித்தபோது அந்த மேனேஜர், மேடம் போட்ட கணக்கு தப்பு, நான் அப்போதே சொன்னேன் என்றாராம். எண்ணைப் போட்டது நான்தானே என்று நீங்கள் ஒத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். நான் குதித்தேன். "விட்டுரு பேச்சி, நாலு ஜீப்பும் நின்னுச்சுல்ல," என்றீர்கள்.

பங்குனியில் நீங்கள் போனீர்கள். போடியில் கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். செல்லத்தாய் வாடாத பூவாகக் கூடை நிறையக் கொண்டுவந்தாள், நானே இறக்கினேன். அந்த மேனேஜரும் வந்தார். மேடமும் நானும் சேர்ந்துதான் இந்த ஏற்பாட்டையே செய்தோம் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். உங்கள் சாவுக்கு வந்த ஆளைத் தாகத்தோடு அனுப்பக் கூடாது.

இப்போது உங்கள் வேலையை மதுரையில் யாரோ ஒரு பெண் பார்க்கிறாள். நீங்கள் வைத்ததை மாற்றவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் டிரைவர்கள் யார், நம்பர் மாறியதா, எங்கன நிற்கிறார்கள் என்று எனக்குப் போன் பண்ணிக் கேட்கிறாள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் போய்விட்டது.

மனசில் வைத்திருந்த ஆட்களையும் ஒவ்வொருவராக விட்டுவிட்டேன். செல்லத்தாயை விட்டேன். பள்ளிக்கூடத்தை நிறுத்திய அப்பாவை விட்டேன். உங்களை எப்போதோ விட்டாயிற்று. கீரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளையும், நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக, விட்டுவிட்டேன். உடம்பு லேசாக இருக்கிறது, ராத்திரி தூக்கம் வருகிறது.

ஆனால் கேட்காமலேயே கேட்டாச்சு என்ற ஆளை நீங்கள் விட்டிருக்கலாம். ஜீப்பில் இருந்தது என் பிள்ளை. நான் விட மாட்டேன். அந்த மேனேஜர் பேரையும் எழுதி வைக்கிறேன், தனபாலன்.