நாற்பத்தெட்டு ஸ்பீக்கரில் உன் குரல்

லிங்கராஜபுரம், பெங்களூரு

அன்புள்ள பெனிட்டா,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உனக்கு நைட் டியூட்டி முடிந்ததா? அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? போனில் சொன்னால் நீ சிரிப்பாய் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸில் ஓர் அறையைச் சுற்றி நாற்பத்தெட்டு ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. ஆள் நடந்தால் குரலும் கூடவே நடக்க வேண்டும். அத்தனைக்கும் உடனுக்குடன் கணக்குப் போட முடியாமல் கம்ப்யூட்டர் திணறியது; குரல் பின்தங்கிவிடும். போன வாரம் அந்தக் கணக்கை, ஒரே நேரத்தில் பல கணக்குப் போடும் கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றினேன். சோதித்துப் பார்க்க, அவசரத்துக்கு உன் வாய்ஸ் மெசேஜைப் போட்டேன்: "சாப்ட்டியளா? குடைய மறந்துராதிய."

கூட வேலை செய்யும் ரங்கா உள்ளே நடந்தவன் அப்படியே நின்றுவிட்டான். "மச்சா, என் காதுகிட்டயே நின்னு கேக்கறாங்கப்பா! இன்னொரு தடவை போடு" என்றான். பிறகு எல்லோரும் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவன் தோளருகிலும் நீ நடந்து போனாய். அறைக்கு வெளியே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த எனக்கு மட்டும் அது கேட்கவில்லை. நான் ஜெயித்த நாள் அது. ஆனால் வயிறு எரிந்தது.

அன்று சாயங்காலமே அதை அழித்துவிட்டு என் குரலைப் பதிந்தேன். "யாருப்பா இது, பஸ் கண்டக்டரா?" என்கிறான் ரங்கா. சொல்லிக்கொள்ளட்டும்.

பார்சலில் கருப்பட்டியும், உன் தலையணை உறை ஒன்றும் வை. துவைக்க வேண்டாம்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. அந்தப் பழைய மெசேஜ் இனி எனக்கு வேண்டாம், ஊரே கேட்டுவிட்டது. புதிதாக ஒன்று அனுப்பு. அதில் என் பெயரைச் சொல்.

உன்
ஐசக்